ஷாக் இன்று ஆடினால்: ஒரு ஃப்ரீ த்ரோ கணக்கு

இரண்டு எண்களை அருகருகே எழுதிப் பார்த்த நாளிலிருந்து எனக்குள் ஒரு நெருடல் இருந்துகொண்டே இருக்கிறது. முதல் எண் 57.8. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் சென்டராக, அதாவது வளையத்தடியில் ஆடும் உயரமான ஆட்டக்காரராக, 1999-2000 பருவத்தில் ஆடிய ஷாக் என்ற ஷகீல் ஓ'நீலின் எறிதல் திறன் விகிதம் அது. இரண்டு புள்ளி எறிதல், மூன்று புள்ளி எறிதல், ஃபவுலுக்குத் தண்டமாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோட்டு, தனக்குக் கிடைத்த வாய்ப்புகளை ஓர் ஆட்டக்காரர் எந்த அளவுக்குப் புள்ளிகளாக்கினார் என்று சொல்லும் கணக்கு. இரண்டாவது எண் 58.0. 2023-24 பருவத்தில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடிய அனைவருக்கும் சேர்த்து வந்த சராசரி. 121 வாக்குகளில் 120ஐப் பெற்று அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான மனிதர், இன்றைய சராசரிக்கு ஒரு நூலளவு கீழே நிற்கிறார் என்பதே இதன் பொருள். அன்றைய சராசரி 52 சொச்சம்தான் என்பதால், அன்று அவர் மலை; அதே எண்ணோடு இன்று வந்தால் சமதளம்.

இந்தக் கணக்கைப் போடும்படி என்னைச் சீண்டியவன் என் அக்கா மகன். கல்லூரி அணியில் சென்டராக ஆடுகிறான்; டென்வர் அணியின் சென்டர் நிக்கோலா யோக்கிச்சைத் தவிர வேறு தெய்வம் அவனுக்குக் கிடையாது. "மாமா, உங்க ஷாக் இன்னைக்கு ஆடினா நாலாவது குவார்ட்டர்ல பெஞ்சுலதான் உக்காந்திருப்பாரு" என்றான் ஒருநாள். நானும் அவன் வயதில், ஆறடி ஓர் அங்குல உயரத்தை மட்டுமே தகுதியாகக் கொண்டு, சென்டர் நிலையில் நிறுத்தப்பட்டவன். ஷாக் பந்தை வாங்கித் திரும்பும் விதத்தைப் பார்த்துப் பார்த்து, அதில் ஒரு சதவீதத்தையாவது செய்துவிட முடியாதா என்று சிமெண்ட் தரையில் முழங்காலைத் தேய்த்தவன். அதனால் அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஆனால் ஆட்டங்களையும் எண்களையும் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: அவன் சொன்னதில் பாதி தவறு, பாதி சரி. சரியான பாதி எது என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

முதலில் அந்த உடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 216 சென்டிமீட்டர் உயரம், ஏறத்தாழ 147 கிலோ எடை என்பது அணிக் குறிப்பில் இருந்தது. பிற்காலத்தில் அதைவிடக் கூடுதலான எடையோடுதான் ஆடினார் என்பதைக் கண்ணாலேயே அறியலாம். 1993இல், தம் முதல் பருவத்திலேயே, நியூ ஜெர்சியில் ஒரு டங்க் (எழும்பிப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது) அடித்துப் பலகையையும் அதைத் தாங்கிய அமைப்பையும் சேர்த்துத் தரையில் சாய்த்தார். அதன் பிறகு லீக் தன் பலகைகளை வலுப்படுத்த வேண்டியதாயிற்று. ஆனால் எடை உள்ளவர்கள் எல்லாம் ஷாக் ஆகிவிடுவதில்லை. அவருடைய உண்மையான திறமை பந்து கைக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடும் வேலையில் இருந்தது. எதிராளியின் முன்காலுக்கு முன்னால் தன் காலை வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் பூட்டிவிடுவார். பந்து வந்ததும் ஒரே அடி பின்னால் எடுத்துச் சுழன்றால் வளையம் தலைக்கு மேல் இருக்கும். அந்த ஓர் அடியை அந்த எடையுடைய எவரும் அந்த வேகத்தில் எடுத்து நான் பார்த்ததில்லை. 2000ஆம் ஆண்டு இறுதிச் சுற்றில் இண்டியானா பேசர்ஸுக்கு எதிராக ஆட்டத்துக்குச் சராசரி 38 புள்ளிகள், 16.7 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலில் துள்ளிவரும் பந்தைப் பிடிப்பது). அடுத்த ஆண்டு பிலடெல்பியாவுக்காக அவரைத் தடுக்க நின்றவர், அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கியிருந்த டிக்கெம்பே முட்டோம்போ. அவருக்கு எதிராகவும் சராசரி 33. அதற்கடுத்த ஆண்டு நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிராக 36க்கு மேல். மூன்று ஆண்டும் கோப்பை, மூன்று ஆண்டும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

இந்த மனிதர் இன்று எப்படி ஆடுவார் என்ற பேச்சு எழும்போதெல்லாம், அது உடனே மூன்று புள்ளிக் கோட்டுக்குப் போய்விடுகிறது. அவரால் தொலைவிலிருந்து எறிய முடியாதே என்பார்கள். முடியாதுதான். 19 பருவங்களில் 22 முறை முயன்று ஒரே ஒரு முறை, 1996 பிப்ரவரியில் மில்வாக்கிக்கு எதிராக, போட்டிருக்கிறார். முதல் எட்டுப் பருவங்களில் வெறும் 3 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்ட சென்டர் புரூக் லோபஸ், ஒன்பதாவது பருவத்தில் 134 போட்டதை எடுத்துக்காட்டி, ஷாக்கும் கற்றுக்கொண்டிருப்பார் என்று எதிர்வாதம் செய்பவர்களும் உண்டு. இரு தரப்பும் தேவையில்லாத இடத்தில் சண்டை போடுகின்றன என்பது என் கருத்து. 1999-2000இல் அவர் எறிந்தவற்றில் 57.4 சதவீதம் உள்ளே விழுந்தன. அதாவது ஓர் எறிதலின் மதிப்பு 1.15 புள்ளி. இன்று ஓர் ஆட்டக்காரர் மூன்று புள்ளி எறிதலில் 36 சதவீதம் போட்டால் அதன் மதிப்பு 1.08. வளையத்தடியில் நிற்கும் ஷாக்கை இன்றைய பயிற்சியாளர் எவரும் வெளியே வந்து எறியச் சொல்ல மாட்டார். அவர் உள்ளே நிற்பதுதான் லாபம்.

அடுத்து, உள்ளே அவருக்கு இடம் இருக்குமா என்ற கேள்வி. அன்றைய விதிகளின்படி மண்டலத் தடுப்பு கிடையாது. பந்து இல்லாத ஆட்டக்காரரைக் காப்பவர், தன் ஆளை விட்டுவிட்டு ஷாக்கின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்க முடியாது. ஒன்று தன் ஆளோடு இருக்க வேண்டும், இல்லையேல் பந்து வைத்திருப்பவர் மீது முழுதாகப் போய் விழ வேண்டும். 2001-02 பருவத்திலிருந்து அந்த விதி நீக்கப்பட்டது. இப்போது ஒருவர் ஷாக்கின் முன்னால் நின்று பந்து வரும் வழியை மறைக்கலாம். தலைக்கு மேல் தூக்கிப் போட்டால் பிடிக்க இன்னொருவர் பின்னால் காத்திருக்கலாம். எவரையும் நெருங்கிக் காக்காமல் மூன்று விநாடிக்கு மேல் அந்தப் பகுதியில் நிற்கக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. காகிதத்தில் பார்த்தால் இது ஷாக்குக்கு வைத்த பொறி. ஆனால் விதி மாறிய அந்த முதல் பருவத்தில் அவர் ஆட்டத்துக்கு 27.2 புள்ளிகள் எடுத்தார். எறிதல் சதவீதமும் குறையவில்லை, 57.9, கடைசியில் கோப்பையும் அவர்களுக்குத்தான். விதி அவரை அசைக்கவில்லை.

இன்றைய ஆட்டத்திலோ பின்னால் காத்திருக்க வேண்டிய அந்த இரண்டாமவர் எங்கிருந்து வருவார் என்பது பெரிய கேள்வி. 1999-2000இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 14 முறைதான் மூன்று புள்ளிக்கு முயன்றது; இப்போது அது 35ஐத் தாண்டிவிட்டது. நான்கு பேர் கோட்டுக்கு வெளியே நின்று எறியக் காத்திருக்கையில், ஷாக்கின் மீது விழ வரும் ஒவ்வொருவரும் ஒரு மூலையைத் திறந்துவிட்டுத்தான் வர வேண்டும். ஷாக் நன்றாகப் பந்து கடத்தத் தெரிந்த சென்டர் என்பதை மறந்துவிடுகிறோம். பிலடெல்பியாவுக்கு எதிரான அந்த இறுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 5 அசிஸ்ட்கள் (சக ஆட்டக்காரரின் புள்ளிக்கு வழிசெய்த பந்துகள்) தந்தவர் அவர்.

இதற்குச் சான்று தேடிக் கற்பனைக்குள் போக வேண்டியதில்லை. லேக்கர்ஸுக்கு முன் ஷாக் ஆடிய ஆர்லாண்டோ மேஜிக் அணியின் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தால் போதும். பென்னி ஹார்டவே பந்தைக் கொண்டுவருவார். நிக் ஆண்டர்சனும் டென்னிஸ் ஸ்காட்டும் வெளியே விரிந்து நிற்பார்கள். ஸ்காட் 1995-96இல் 267 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டு அன்றைக்குச் சாதனை படைத்தவர் (அந்த ஆண்டுகளில் கோட்டை வளையத்துக்குச் சற்று அருகே கொண்டுவந்திருந்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்). நடுவில் ஷாக். இன்றைய அணி ஒன்றின் முன்வரைவு போலவே இருக்கிறது அது. அந்த வயதில் அவர் மெலிந்திருந்தார். ரீபவுண்ட் எடுத்துத் தானே பந்தைத் தட்டிக்கொண்டு மறுமுனைக்கு ஓடுவார். அந்த உடல்தான் இன்றைக்கு வேண்டிய உடல். லேக்கர்ஸ் ஷாக்கைவிட ஆர்லாண்டோ ஷாக் இன்று அதிக மதிப்புள்ளவர் என்பது என் துணிபு. கோப்பைகளை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது.

இன்றைய நட்சத்திர ஆட்டக்காரர் யானிஸ் ஆண்டெடோகும்போவைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. தொலைவிலிருந்து எறிவதில் தேர்ந்தவர் அல்லர், ஃப்ரீ த்ரோவும் தள்ளாட்டம்தான். ஆனாலும் விரிந்த ஆடுகளத்தில் வளையத்தை நோக்கிப் பாய்ந்தே 2023-24இல் 61 சதவீதத்துக்கு மேல் போட்டு ஆட்டத்துக்கு 30.4 புள்ளிகள் எடுத்தார். அவரைவிடச் சுமார் 35 கிலோ கூடுதலான ஒருவர் அதே இடைவெளியில் நின்றால் தடுக்க யார் இருக்கிறார்கள்? ஹூஸ்டனின் ஸ்டீவன் ஆடம்ஸ் தள்ளிப் பார்ப்பார்; சென்டர்களான ஜோயல் எம்பீடுக்கும் யோக்கிச்சுக்கும் எடை இருக்கிறது, ஆனால் தங்கள் அணிக்கே உயிரான அவர்களை ஷாக்கோடு மல்லுக்கட்ட விட்டு ஃபவுல் வாங்க வைக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. அன்று ஒவ்வோர் அணியும் ஷாக்குக்காகவே இரண்டு மூன்று பருத்த உடல்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. ஆறு ஃபவுல் ஆனால் வெளியேற வேண்டும் என்பதால், ஆளுக்கு ஆறு ஃபவுல் என்ற கணக்கில் அவர்கள் செலவழிக்கப்பட்டார்கள். அந்த இனம் இன்று ஏறத்தாழ அற்றுப்போய்விட்டது. ஆகவே அவருடைய 57.4 இன்று 62, 63 வரை ஏறும் என்று நினைக்கிறேன். என் அக்கா மகனுடைய கூற்றில் தவறான பாதி இதுதான்.

தடுப்பாட்டத்துக்கு வந்தால் இத்தனை உறுதியாகப் பேச முடியவில்லை. பிக் அண்ட் ரோலில் (ஒருவர் தடுப்பவரை மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டத்தில்) வெளியே இழுக்கப்படுவதை ஷாக் எப்போதும் வெறுத்தார். அன்றே அதற்கு விலை கொடுத்திருக்கிறார்: 1997இல் யூட்டா அணியின் ஸ்டாக்டனும் மலோனும் லேக்கர்ஸை 4-1 என்றும், 1998இல் 4-0 என்றும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றைக்கு அந்த வேதனை ஒவ்வோர் இரவும் வரும். இண்டியானாவின் சென்டர் ராய் ஹிபர்ட்டை நினைத்துப் பாருங்கள். 2014இல் ஆல் ஸ்டார்; வளையத்தடியில் கைகளை நேராக உயர்த்தி எழும்பித் தடுப்பதில் பேர்போனவர். அதே ஆண்டு முதல் சுற்றில், 38 வெற்றி 44 தோல்வியோடு வந்த அட்லாண்டா, தன் சென்டரையும் வெளியே நிறுத்தி எறியவிட்டு, அவரை எங்கே நிற்பது என்று தெரியாமல் திணறவைத்தது. தொடர் ஏழு ஆட்டங்கள் இழுத்தது. மூன்று ஆண்டுகளுக்குள் ஹிபர்ட் லீகிலேயே இல்லை. ரூடி கோபேர் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். அவருக்கே, யூட்டாவில் ஆடிய 2021இல், கிளிப்பர்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில், மூலையில் நின்ற டெரன்ஸ் மான் 39 புள்ளிகள் எடுத்துக் கதையை முடித்தார். யூட்டா அந்த ஆட்டத்தில் 25 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது.

ஆனால் ஹிபர்ட்டுக்கும் ஷாக்குக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஷாக்கால் இன்று தடுப்பாட முடியாது என்பவர்கள் எல்லாருமே அதை விட்டுவிடுகிறார்கள். மறுமுனையில் ஹிபர்ட்டால் எதிரணியைத் தண்டிக்க முடியவில்லை. ஐந்து சிறிய ஆட்களைக் களத்தில் விட்டு ஷாக்கை வெளியே இழுக்கும் பயிற்சியாளர், அடுத்த முறை அதே ஐந்து சிறியவர்களில் ஒருவரை ஷாக்குக்குக் கீழே நிறுத்தியாக வேண்டும். யோக்கிச் வேகமான தடுப்பாட்டக்காரர் அல்லர். அவரை வெளியே இழுக்காத அணி இல்லை. இருந்தும் 2023இல் டென்வர் கோப்பையை வென்றது. ஒரு முனையில் விடுவதைவிட மறுமுனையில் கூடுதலாக எடுத்தால் போதும்.

இந்த இடத்தில் இரண்டு இறுதிச் சுற்றுகள் என்னைச் சற்றே தயங்க வைக்கின்றன. 1995இல் ஆர்லாண்டோவை ஹூஸ்டன் 4-0 என்று துடைத்தெடுத்தது. சென்டர் ஹக்கீம் ஒலாஜுவானைச் சுற்றி ஹோரி, எலி, கென்னி ஸ்மித், கசெல் என்று எறியத் தெரிந்தவர்களை விரித்து நிறுத்திய அணி அது. முதல் ஆட்டத்தில் ஸ்மித் மட்டும் 7 மூன்று புள்ளி எறிதல்களைப் போட்டார். ஷாக் சராசரி 28 எடுத்தார், நன்றாகவே ஆடினார், ஒரு வெற்றிகூட இல்லை. 2004இல் டெட்ராய்ட் இன்னொரு வழியைக் கையாண்டது: ஷாக்கிடம் பென் வாலஸ் போன்ற ஒருவரை மட்டும் நிறுத்தி, போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மற்ற நால்வரையும் இறுக்கிப் பிடித்தது. ஷாக் 63 சதவீதம் போட்டார். லேக்கர்ஸ் 4-1 என்று தோற்றது. இரண்டு இரண்டாக எடுத்துக்கொள், மூன்று மூன்றாக நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்பதே இன்றைய பயிற்சியாளரின் முதல் யோசனையாக இருக்கும்.

இரண்டாவது யோசனைதான் என் அக்கா மகன் சொன்னது: அவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்புவது. இதை 1997இல் டென்னிஸ் ராட்மன் மீது முதலில் சோதித்துப் பார்த்தவர் டல்லஸ் பயிற்சியாளர் டான் நெல்சன். பிறகு அந்தத் தந்திரத்துக்கு ஷாக்கின் பெயரே நிலைத்துவிட்டது. 2000 இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் இண்டியானா அவரை 39 முறை எறிய வைத்தது. 18 போட்டார். ஆனாலும் லேக்கர்ஸ் 111-104 என்று வென்றது. ஷாக் 40 புள்ளிகளோடு 24 ரீபவுண்டுகளும் எடுத்தார். அந்தத் தந்திரம் வெறும் அவமானப்படுத்தலே தவிர, அதனால் பயனில்லை என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்ததற்கு இந்த ஆட்டம்தான் காரணம்.

கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். 1999-2000இல் ஷாக்கின் ஃப்ரீ த்ரோ விகிதம் 52.4 சதவீதம். இரண்டு எறிதலுக்கு 1.05 புள்ளி. அந்தப் பருவத்தில் ஓர் அணி ஒருமுறை பந்தைக் கொண்டுபோனால் சராசரியாக எடுத்த புள்ளி 1.04. அதாவது, ஷாக்கை ஃபவுல் செய்த அணிக்கு நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. வழக்கமாகக் கொடுக்கப்போவதைத்தான் கொடுத்தது. தன் ஆட்கள் ஃபவுல் கணக்கில் மாட்டிக்கொண்டதுதான் மிச்சம். லேக்கர்ஸ் நிதானமாகத் திரும்பி ஓடித் தடுப்பை அமைத்துக்கொள்ளவும் அது நேரம் கொடுத்தது. பயனற்ற தந்திரம் என்று நான் நினைத்தது அன்றைக்குச் சரிதான். ஆனால் 2023-24இல் ஓர் அணி ஒருமுறை பந்தைக் கொண்டுபோனால் எடுத்த சராசரி 1.15. ஷாக் அதே 1.05 உடன் வந்து நின்றால், ஒவ்வொரு ஃபவுலிலும் அவர் அணி பத்தில் ஒரு பங்குப் புள்ளியை இழக்கிறது. அவரைச் சுற்றி நான்கு நல்ல எறிகாரர்கள் இருந்தால் இழப்பு இன்னும் கூடும். அவருடைய கை அன்றிருந்தபடியே இருக்கிறது. அவரைச் சுற்றிப் புள்ளியின் விலைவாசி ஏறிவிட்டது.

விதி அவரைக் காப்பாற்றுமா? ஓரளவுக்கு. பந்து இல்லாதவரைத் துரத்திப் பிடித்து ஃபவுல் செய்தால் ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் தண்டம் என்ற விதி முன்பு ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கு மட்டும் இருந்தது. 2016-17இலிருந்து ஒவ்வொரு குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கும் விரிந்தது. பன்னிரண்டு நிமிடக் குவார்ட்டரில் மீதிப் பத்து நிமிடங்கள் திறந்தே கிடக்கின்றன. பந்து ஷாக்கின் கையில் இருக்கும்போது செய்யும் ஃபவுலுக்கோ எந்த நேரத்திலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. இந்தத் தந்திரம் வழக்கொழிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். 2025 பிளேஆஃபில்கூட (பருவத்தின் கடைசியில் நடக்கும் கோப்பைக்கான தொடர்) கோல்டன் ஸ்டேட் அணி மேலே சொன்ன ஸ்டீவன் ஆடம்ஸைப் பிடித்துப் பிடித்துக் கோட்டுக்கு அனுப்பியது.

ஆகவே மொத்தக் கேள்வியும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறது: 57.5. இரண்டு எறிதலுக்கு 1.15 கிடைக்க வேண்டுமானால் அவ்வளவு போட வேண்டும். அதற்கு மேலே போனால் ஃபவுல் செய்பவனுக்கு நட்டம். ஷாக் நான்காவது குவார்ட்டரிலும் களத்தில் இருப்பார். கீழே இறங்கினால் அவரைப் பயிற்சியாளர் வெளியே கூப்பிட்டு உட்கார வைப்பார். இது எனக்குப் பிடித்த முடிவன்று. பலகையைச் சாய்த்த மனிதரின் இடத்தை, யாரும் தொடாமல், யாரும் தடுக்காமல், தனியாக நின்று எறியும் பதினைந்தடி எறிதல் தீர்மானிக்கிறது. நானும் அந்தக் கோட்டில் மோசமாகத்தான் எறிவேன் என்பதால் சொல்கிறேன், அங்கே உடல்பலம் உதவுவதில்லை. அதுவரை யாரையாவது முட்டிக்கொண்டிருந்த உடலுக்குத் திடீரென்று முட்ட எதுவும் இல்லாமல் போவதே பெரிய இடைஞ்சல்.

பெரியவர்களுக்கு இது வராத வித்தை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. முந்தைய தலைமுறைச் சென்டர் வில்ட் சேம்பர்லின் வாழ்நாள் முழுக்க 51 சதவீதம்தான்; ஆனால் 1961-62 பருவத்தில் பந்தை இடுப்புக்குக் கீழிருந்து இரு கைகளாலும் தூக்கிப்போட்டு 61.3 போட்டார், 100 புள்ளி எடுத்த அந்த ஆட்டத்தில் 32க்கு 28. பிறகு பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அந்த முறையைக் கைவிட்டுவிட்டார். ஷாக்குக்கும் அந்த முறையை, அப்படியே எறிந்து பேர்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர் ரிக் பேரி கற்றுத்தர முன்வந்தார், ஷாக் மறுத்துவிட்டார். இருவருமே கூச்சத்துக்குக் கொடுத்த விலையை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஷாக்கின் வாழ்நாள் கணக்கு 11,252 ஃப்ரீ த்ரோக்களில் 5,935, அதாவது 52.7 சதவீதம். இன்றைக்கு வேண்டிய 57.5க்கு ஏறத்தாழ ஐந்து சதவீதம் கீழே. ஆனால் 2002-03 பருவத்தில், கால் விரல் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தாமதமாக வந்து சேர்ந்த அந்த ஆண்டில், அவர் போட்டது 62.2. அவருடைய மிகச் சிறந்த பருவம் அது. அதற்கு முன்னும் பின்னும் 60ஐ அவர் தொட்டதே இல்லை. அந்தக் கை அவரிடம் இருந்திருக்கிறது, ஓராண்டு மட்டும் வெளியே வந்திருக்கிறது.

என் அக்கா மகனிடம் இந்தக் கணக்கை எல்லாம் காட்டினேன். "அப்ப நான் சொன்னதுதானே மாமா?" என்றான். பாதி என்றேன். பிறகு 2002ஆம் ஆண்டு மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன். சாக்ரமென்டோவின் அரங்கு, காதைப் பிளக்கும் இரைச்சல், ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. ஷாக் கோட்டுக்கு வந்து வந்து நிற்கிறார், முழங்காலை மடக்கி, பந்தை நெற்றிக்கு மேல் உயர்த்தி, விரல்நுனியால் தள்ளுகிறார். அன்று அவர் எறிந்தது 15, போட்டது 11. அவன் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நிமிடங்களை மட்டும் மறுபடி ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தான்.